லிபித்தீனாவின் வேலைக்காரி

வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது சிந்தியா என்னைக் கண்டுவிட்டாள். இறந்தவர்களை உடுத்தி அனுப்புகிற மலர்ச்சாலையில், நான் வேலை பார்த்த இடத்தில், எனக்குப் பிறகு சேர்ந்த இத்தாலிப் பெண், இந்தப் பலெர்மோ ஊர்க்காரி. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இப்போது வகுப்பு வைக்கிறார்களாம். சோதனை, சான்றிதழ் எல்லாம் உண்டாம்.

"எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டுகிறார்கள், சிஞ்ஞோரா. உங்கள் ஊர் அம்மாக்களுக்குச் சேலை உடுத்துவது மட்டும் அதில் இல்லை. நீங்கள் ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள்?" என்று கேட்டாள்.

முதுகு என்று சொன்னேன். முதுகிலும் வலி உண்டுதான்.

வீட்டுக்கு வந்து மீனைக் கழுவும்போது, அவளுக்குச் சொல்லாததை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. தமிழில் எழுதுகிறேன். இதை வாசிக்க வேண்டியவர்கள் சிந்தியாவின் ஆட்கள் அல்ல, என்னுடைய ஆட்கள். என் மகள் தாரணிக்குக் கலியாணம் குழம்பியது என் வேலையால்தான் என்று இந்த ஊர்த் தமிழர் எல்லாரும் கதைக்கிறார்கள். அந்த வேலை என்ன என்று ஒருவராவது என்னிடம் கேட்டதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை படித்தவள் நான். ஒரு தனியார் கல்வி நிலையத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கலியாணம் முடித்து இங்கே வந்து, எங்கள் ஆட்கள் எல்லாரையும் போல வீடுகளில் வேலை செய்தேன். கால்சாப் பகுதியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டேன். அவர் இறந்த அன்று மகள் அழுதுகொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். மலர்ச்சாலைக்காரர் வந்தபோது நான் கிழவியின் தலையை வாரிக்கொண்டிருந்தேன். அவருக்கு நடுவகிடு பிடிக்காது, இடப்பக்கம்தான் எடுப்பார். அதை வந்தவருக்குச் சொன்னேன். அவர் சீப்பை என்னிடமிருந்து வாங்கவில்லை. நான் முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிழவியை அடக்கம் செய்து சில நாள் கழித்து ஆள் அனுப்பி, என்னிடம் வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டார். இறந்த பெண்களைப் பெண்தான் உடுத்த வேண்டும் என்று பல குடும்பங்கள் கேட்கிறார்களாம், அவரிடம் ஒரு பெண்தான் இருந்தாராம். எனக்கும் அப்போது வேறு வேலை இல்லை. சேர்ந்தேன். பழகினேன். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் மாதங்கள் சாப்பாடு இறங்கவில்லை, பிறகு இறங்கியது.

அவர் பெயர் கார்மெலோ. இளமையில் பாதிரியாராகப் படிக்கப் போய், தகப்பன் இறந்ததால் பாதியில் திரும்பி வந்து கடையை எடுத்தவர். குரலை உயர்த்திக் கதைத்து நான் கேட்டதில்லை. பிணவறைக்குள் போகுமுன் கதவைத் தட்டுவார். உள்ளே உயிரோடு ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் தட்டுவார். தட்டிவிட்டு, யாருடைய வீட்டுக்காவது போவதுபோல, "பெர்மெஸ்ஸோ" என்பார். உள்ளே வரலாமா என்று அர்த்தம். எனக்கு முதல் நாள் சிரிப்பு வந்தது. எங்களுக்கு பெர்மெஸ்ஸோ என்றால் விசா அட்டை, கெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்குகிற சாமான். செத்தவர்களிடமும் பெர்மெஸ்ஸோ வாங்க வேண்டுமா என்று நினைத்தேன். போகப்போக நானும் அப்படியே தட்டத் தொடங்கினேன்.

அவர் எனக்குச் சொன்ன முதல் விதி: இறந்தவரின் கையை இழுக்கக்கூடாது. விறைத்த முழங்கையை உள்ளங்கையால் மூடிப் பிடித்து, சூடு ஏறும்வரை மெல்லத் தேய்த்து, அதுவாக மடங்க விட வேண்டும். இரண்டாவது விதி: அவர்களுக்கு மேலாகக் கதைக்கக்கூடாது. ஒரு பக்கம் நானும் மறுபக்கம் மற்றப் பெண்ணும் நின்றுகொண்டு, நடுவில் கிடக்கிறவரைத் தாண்டி விலைவாசி கதைத்தால் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். நாங்கள் வெளியே போய்க் கதைத்து முடித்துவிட்டு வர வேண்டும்.

ஒருநாள் பிரான்காச்சோவில் ஒரு தொடர்மாடி வீட்டுக்குக் கடை வாகனத்தில் போய்க்கொண்டிருந்தோம். வாகனங்கள் நகரவில்லை. நான் சரித்திரம் படிப்பித்தவள் என்று அவருக்குத் தெரியும். "எங்கள் தொழிலுக்கு ஒரு தெய்வம் இருந்தாள், தெரியுமா?" என்று கேட்டார்.

லிபித்தீனா என்று பெயர். ரோமாபுரியில் அவளுக்கு ஒரு தோப்பு இருந்தது. யாராவது இறந்தால் அங்கே போய்ச் சொல்ல வேண்டும். பாடை, விளக்கு, துணி எல்லாம் அங்கேதான் இருக்கும், வேலையாட்களும் அங்கேதான். அவர்களை அவளுடைய பெயராலேயே கூப்பிடுவார்கள்.

"அவள் எப்படி இருப்பாள்?" என்று கேட்டேன்.

"தெரியாது. இதுதான் அவள் முகம் என்று நிச்சயமாகச் சொல்ல ஒரு சிலைகூட இல்லை. கதையும் இல்லை. யாரைக் கலியாணம் செய்தாள், யாரோடு சண்டை போட்டாள், ஒன்றும் இல்லை. பெயர் மட்டும்தான்."

"பெயருக்கு என்ன அர்த்தம்?"

அவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு யோசித்தார். பழைய ஆட்கள் அதை விருப்பம், இன்பம் என்று அர்த்தம் வருகிற ஒரு சொல்லோடு சேர்த்தார்களாம். அதனால் அவளையும் காதல் தெய்வமான வீனஸையும் ஒருத்தியாக்கிவிட்டார்களாம். பிறகு வந்த படித்தவர்களில் சிலர், அது ரோமருக்கு வடக்கே இருந்த எத்துருஸ்கரின் சொல், இறந்துபோனார் என்பதற்கு அவர்களிடம் அந்தச் சாயலில் ஒரு சொல் இருந்தது என்கிறார்களாம். எது சரி என்று யாருக்கும் முடிவாகத் தெரியாதாம்.

"உங்களுக்கு எது சரியாகப் படுகிறது?"

"சாவு என்று வந்த சொல்லை வாயில் வைத்திருக்கப் பயந்து, இன்பம் என்று ஆக்கிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு ஆதாரம் இல்லை. என் அப்பாவின் கடைப் பலகையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'மரியாதைகள்'. பெட்டி விற்கிறோம் என்று எங்கும் எழுதவில்லை."

நானும் சிரித்தேன். எங்கள் நாட்டில் இதற்கு மலர்ச்சாலை என்றுதானே பெயர். பூக்கடை என்று நினைத்து உள்ளே போகலாம்.

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். தெற்கே ஒரு துறைமுகப் பட்டணத்தில், கல்லில் வெட்டிய சட்டம் ஒன்று கிடைத்திருக்கிறதாம். இந்த வேலை செய்கிறவர்கள் ஊருக்குள் குடியிருக்கக்கூடாது. மற்றவர்கள் குளித்து முடித்த பிறகுதான் குளிக்கலாம். வேலைக்கு மட்டும் ஊருக்குள் வரலாம், வரும்போது நிறத் தொப்பி போட்டுக்கொண்டு வர வேண்டும். அந்த ஆட்களைத்தான் தெய்வத்தின் பெயரால் கூப்பிட்டார்கள்.

அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஊரில் இந்த வேலைகளைச் செய்தவர்களின் குடிசைகள் எந்தப் பக்கம் இருந்தன என்று ஞாபகம் வந்தது. அது என்னைப் பற்றிய கதை என்று அப்போது நினைக்கவில்லை.

எங்கள் ஆட்களிடம் நான் கந்தோர் துப்புரவு செய்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தோம். அவரும், அதாவது என் கணவரும், அப்படியே சொல்வார். சாவின் மேல் போட்டு மூடிய நல்ல பெயர், அது என் லிபித்தீனா. கடையிலேயே தலைக்குக் குளித்து, உடுப்பை மாற்றி, பின்கதவால் வெளியே வருவேன். எங்கள் தமிழ்க் குடும்பங்களில் யாராவது இறந்து எங்கள் கடைக்கு வந்தால், நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வேலை செய்வேன். வெளியே குடும்பத்தோடு கார்மெலோ கதைப்பார். அப்படித்தான் இருவரும் பேசி வைத்திருந்தோம்.

இத்தாலியில் இறந்தவர்களுக்கு உடுப்புப் போடுவதற்கு ஒரு சுலப வழி உண்டு. முதுகுப் பக்கம் வெட்டி, முன்னாலிருந்து நுழைத்து, ஓரங்களைக் கீழே செருகிவிடலாம். கோட்டுக்கும் கவுணுக்கும் அது சரி. நான் சேருமுன் வந்த ஒரு தமிழ் அம்மாவின் சேலையையும் மற்றப் பெண் அப்படித்தான் வெட்டியிருக்கிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை. நானே ஒரு முறை கண்டுபிடித்தேன். சட்டையை மட்டும் முதுகில் திறப்பேன். சேலையின் கொசுவத்தைப் பக்கத்து மேசையில் வைத்து முதலே மடித்து, ஊசி குத்தி வைப்பேன். உடம்பை இடப்பக்கம் சரித்து ஒரு சுற்று, வலப்பக்கம் சரித்து ஒரு சுற்று. பிறகு கொசுவத்தைக் கொண்டுவந்து செருகி, தலைப்பைத் தோளுக்கு மேலால் எடுத்து, முழங்கைக்குக் கீழே விடுவேன். கத்தரிக்கோல் படாது.

கோயிலில் ஒருநாள் பெண்கள் கதைத்தது என் காதில் விழுந்தது.

"அந்தக் கடையிலை ஒரு இத்தாலிக்காரி இருக்கிறாளாம். கொசுவம் ஒண்டும் பிசகாமல் உடுத்தி விடுறாளாம்."

"உண்மையோ? என்ரை மருமகளுக்கு இன்னும் ஊசி பத்து வேணும்."

"அவளைக் கூப்பிட்டு மருமகளுக்குப் பழக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டு நானும் சிரித்தேன்.

தாரணி இங்கேதான் பிறந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. புனிதை சந்தா ரொசாலியாவின் மலைக்கு எங்கள் ஆட்கள் சைவர், வேதக்காரக் கிறிஸ்தவர் என்று பார்க்காமல் ஏறுவார்கள். அப்படி ஏறும்போதுதான் அவளுக்கு நிரோஷனைப் பழக்கம். அவன் தாய் புவனா அக்கா எங்கள் பக்கத்து ஊர். சாதகம் பார்த்தார்கள், பொருந்தியது. புவனா அக்கா கோயிலில் எல்லாருக்கும் முன்னால் தாரணியை "மருமகள், இஞ்சை வாங்கோ" என்று கூப்பிடுவார். அவளும் வெட்கப்பட்டுக்கொண்டு போவாள். என் வேலையைப் பற்றி அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரம்தான், புவனா அக்கா திடீரென்று இறந்துபோனார். மாரடைப்பு. சமையலறையில் விழுந்தவர் எழும்பவில்லை.

குடும்பம் எங்கள் கடைக்குத்தான் வந்தது. அந்த இத்தாலிக்காரி வேண்டும் என்று கேட்டு வந்தது.

கார்மெலோ என்னைத் தனியே கூப்பிட்டார். "இறந்தவருடைய தங்கை உள்ளே வந்து தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும் என்கிறார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் போனால் அவர் உங்களைப் பார்ப்பார். மற்றவளை அனுப்பட்டுமா?"

அவர் மேசையில் குடும்பம் கொடுத்த பை இருந்தது. மேலே மடித்து வைத்திருந்தது புவனா அக்காவின் கூறைச்சேலை. மற்றவள் போனால் அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

தாரணியை நினைக்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அவளைத்தான் நினைத்தேன். அவள் மாமியாராக வர இருந்தவரை, வெட்டிய கூறையில் அனுப்பக்கூடாது என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே நினைப்பு என்று அந்த நேரம் எனக்குத் தோன்றியது.

"நான் போகிறேன்" என்றேன்.

ஆஸ்பத்திரிப் பிணவறையில் கதவைத் தட்டி, "பெர்மெஸ்ஸோ" சொல்லி உள்ளே போனேன். புவனா அக்காவின் முகத்தைத் துடைத்தேன். விழுந்தபோது நெற்றியில் பட்ட காயத்தை முகப்பூச்சு மாவால் மறைத்தேன். கையைத் தேய்த்து மடக்கி வைத்தேன். கொசுவத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. தங்கை சாந்தி அக்கா, ஒரு கையில் எண்ணெய்ப் போத்தல், மறுகையில் தேசிக்காயும் பயறும் அவித்து அரைத்த அரப்பு. கதவடியிலேயே நின்றுவிட்டார்.

"தாரணி அம்மா? நீங்களோ?"

"ஓம் அக்கா."

"இஞ்சை என்ன செய்யிறியள்?"

"இதுதான் என்ரை வேலை."

அவர் என் கையுறையைப் பார்த்தார். பிறகு தமக்கையைப் பார்த்தார். சுவரோடு சாய்ந்து அழத் தொடங்கினார். தமக்கைக்குக் கிட்டப் போக அவருக்குப் பயம். நான் கையுறையைக் கழற்றி, அவர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து, எண்ணெயைத் தொட்டு, உச்சியில் வைக்க வைத்தேன். அப்படியே அரப்பும். வைத்த பிறகு அவர் கையை எடுக்கவில்லை. தமக்கையின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

நான் சேலையை உடுத்தினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொசுவத்தைக் கொஞ்சம் இறக்கி விடுங்கோ. அவள் எப்பவும் பதிவாத்தான் கட்டுறவள்."

இறக்கினேன்.

"அந்த இத்தாலிக்காரி நீங்கள்தானோ?"

"ஓம் அக்கா."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அரைச் சிரிப்புச் சிரித்தார். "எங்கட சனத்துக்குக் கொஞ்சமும் மூளை இல்லை. எந்த இத்தாலிக்காரி இப்பிடி உடுத்துவாள்?"

குங்குமம் வைத்தேன். மதில்களில் பூக்கிற மல்லிகையைக் காலையில் பறித்து வந்திருந்தேன், அதைத் தலையில் செருகினேன். வேலை முடிந்ததும் சாந்தி அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்கள் எங்களுக்குத் தெய்வம்" என்றார். நிரோஷன் உள்ளே வந்து தாயைப் பார்த்துவிட்டு, குனிந்து என் காலைத் தொட்டான். உள்ளே நெருப்புப் பற்றவைக்க விடமாட்டார்கள். அதனால் முற்றத்தில் ஒரு தட்டில் கர்ப்பூரம் கொளுத்தி, அவன் பெட்டியைச் சுற்றி வந்தான். பிணம் எரிக்கிற இடத்துக்கு வாகனம் புறப்பட்டது. அன்று நான் வீட்டுக்கு வந்து தாரணியிடம், "பயப்பிடாதை பிள்ளை, அவைக்கு விளங்கிப் போச்சு" என்று சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து அடுத்த கிழமை சாந்தி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். தாரணி உள்ளே குசினியில் நின்றாள்.

"நீங்கள் செய்தது பெரிய உதவி. அதை நாங்கள் மறக்க மாட்டம்."

"பரவாயில்லை அக்கா."

"கோவிக்காதேங்கோ. உங்கட ஆக்கள் ஆர் எண்டு எங்களுக்குத் தெரியும். அதிலை ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த வேலை... நீங்கள் கோயிலிலை விளக்கும் வைச்சனீங்கள்."

"குளிச்சிட்டுத்தானே அக்கா வந்தனான்."

"செத்த வீட்டுத் துடக்கு குளிச்சால் போகுமோ? மற்றவைக்கு முப்பத்தொரு நாள். உங்களுக்கு எப்ப முடியும்?"

நான் என் கைகளைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். "துடக்கு சொந்தக்காரருக்குத்தானே, அக்கா. செத்த ஆக்கள் எனக்குச் சொந்தமில்லையே."

"அதைத்தான் நானும் சொல்லுறன், தாரணி அம்மா. சொந்தமாக வேண்டாம்."

எழுந்து போய்விட்டார். வாசலில் செருப்பைப் போடும்போது, "முதுகைக் கவனியுங்கோ, அண்டைக்கு நல்லாக் குனிஞ்சு நிண்டனீங்கள்" என்றும் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

நிரோஷன் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை என்பதால் சித்தி சொன்னதைக் கேட்டான். கொஞ்ச நாள் பொறு, எல்லாரும் ஆறட்டும் என்று தாரணிக்குச் செய்தி அனுப்பினான். பிறகு செய்தி குறைந்தது. பிறகு இல்லை. இப்போது மிலானில் யாரையோ பேசியிருக்கிறார்கள்.

தாரணி என்னைத் திட்டவில்லை. அதை நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை என்பதற்கு அவள் எப்போதும் இத்தாலியில் நியென்தே என்பாள். ஒருநாள் சொன்னாள்: "நீங்கள் நியென்தே பிழை செய்யேல்லை, அம்மா. அவனும் நியென்தே செய்யேல்லை. அந்த அன்ரியும் அக்கறையாத்தான் சொன்னவ. அப்ப ஆரோடை நான் சண்டை பிடிக்கிறது?"

நான் வேலையை விட்டேன். ஓய்வு எடுக்கிற வயது இன்னும் எனக்கு வரவில்லை. கார்மெலோவிடம் காரணத்தைச் சொன்னேன், அவரிடம் முதுகு என்று சொல்ல மனம் வரவில்லை.

"அந்தத் தங்கை உங்களுக்கு நன்றி சொன்னாரா?" என்று கேட்டார்.

"சொன்னார். தெய்வம் என்றார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அவர் சொன்ன லிபித்தீனாவையே நினைத்தேன். தெய்வம்தான். தோப்புக் கொடுப்பார்கள், பெயரைக்கூட இன்பம் என்று மாற்றி வைப்பார்கள். ஆனால் வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்கள். அவளுக்குக் கலியாணக் கதை ஏன் இல்லை என்று எனக்கு விளங்கியது.

வேலையை விட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். தாரணிக்கு வேறு இடம் பேசக் கேட்டபோது, கலியாணத் தரகர் போனில் சிரித்தார். "விட்டது நல்லதுதான். ஆனால் கை அந்தக் கைதானே, தங்கச்சி?" கோயிலிலும் அப்படித்தான். யாரும் போகச் சொல்லவில்லை. நான் இருந்தால் என்னைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு இடம் விடுவார்கள். ஒருவர் மட்டும் வந்து என் பக்கத்தில் இருப்பார், சாந்தி அக்காவின் மாமியார். வயதான மனுசி. காது கேட்காது. காது கேட்காததால் அவவுக்கு விஷயம் தெரியாது என்று சொல்வார்கள். இருக்கலாம். வந்து இருந்து, என் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு தேவாரம் பாடுவார், சுருதி வேறெங்கோ போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் போன் அடித்தது. நான் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கை ஈரம் என்று தாரணிதான் எடுத்து, சத்தமாக வைத்தாள்.

"தாரணி அம்மா, நான் சாந்தி. மாமி போயிட்டா."

நான் கத்தியை வைத்தேன்.

"நீங்கள் வேலையை விட்டது தெரியும். மலர்ச்சாலைக்காரரோடை கதைச்சனான், நீங்கள் வந்தால் உள்ளை விடுவினமாம். வேறை ஆரும் தொட ஏலாது. நீங்கள்தான் வரவேணும்."

நான் வாயைத் திறக்குமுன் தாரணி கதைத்தாள்.

"அன்ரி, அம்மா வரமாட்டா."

"ஆர், பிள்ளையோ? பிள்ளை, இது செத்த வீடு. இந்த நேரத்திலை கோவம் பாக்கக்கூடாது."

"ஓம் அன்ரி. எங்கட வீட்டிலையும் ஒண்டு செத்துத்தான் போச்சு. நீங்கள் ஒருத்தரும் வரேல்லை."

போனில் செத்த வீட்டு அழுகை கேட்டது. இவ்வளவு நாளும் அவள் யாரோடு சண்டை பிடிப்பது என்று தெரியாமல் இருந்தாள், இப்போதுதான் பிடித்தாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் போதும். என் பிள்ளைக்கு அந்த ஒரு வெற்றியாவது இருந்திருக்கும்.

ஆனால் அந்த மனுசி என்னை ஒன்றும் செய்யவில்லை. எங்கோ ஒரு குளிர்ந்த அறையில், தெரியாத யாரோ கதவைத் தட்டாமல் உள்ளே போய், கையைப் பிடித்து இழுப்பதற்காகக் காத்துக்கொண்டு கிடந்தார்.

நான் தாரணியின் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"எந்த ஆஸ்பத்திரி, அக்கா?" என்று கேட்டேன்.

போய்ச் செய்துவிட்டு வந்தேன். சாந்தி அக்கா அன்றும் என் கையைப் பிடித்து அழுதார். தாரணி பொலோஞ்ஞாவில் உள்ள கடைக் கிளைக்கு மாற்றம் கேட்டிருக்கிறாள், கிடைத்துவிடும் போல இருக்கிறது. என்னோடு கதைக்காமல் இல்லை. உப்பு எங்கே, பஸ் எத்தனை மணிக்கு என்று கதைக்கிறாள். நான் போனை வாங்கிய அந்த நேரம் அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படித் தாங்குவது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை. இத்தனை வருடம் நான் கிட்ட நின்று பார்த்த முகங்கள் எல்லாம் கண் மூடியவை.